குறைந்த புள்ளியும் கடல் கடந்த கல்வியும்



உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வெளியாகும் நாள் பாடசாலை அதிபர் ஒருவருக்குத் திருநாளாகவும் இருக்கும். துயர நாளாகவும் இருக்கும். முற்பகலில் இனிப்புப் பெட்டிகளோடு வருவோர் பலர். ஆசிரியர்கள் சூழ்ந்து நின்று வாழ்த்துவர். பிற்பகலில், வெயில் தணிந்து, பாடசாலை வளவில் நடமாட்டம் குறைந்த பின்னர், வேறு சிலர் வருவர். அவர்கள் கையில் இனிப்பு இராது. வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்கவும் கூசுவர்.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஒரு பிற்பகலில் ஒரு தாயும் மகனும் எனது காரியாலயத்துக்கு வந்தனர். மகன் கணிதப் பிரிவில் பயின்றவன். பௌதிகவியலில் 'சி', இணைந்த கணிதத்திலும் இரசாயனவியலிலும் 'எஸ்'. மூன்றிலும் சித்திதான். ஆயினும் எமது நாட்டுப் பொறியியற் பீடம் எதனுடைய வாசலையும் திறப்பதற்கு அந்தச் சித்தி போதாது. தாயின் கையில் ஒரு கோப்பு இருந்தது. அதனுள்ளே, வெளிநாட்டுக் கல்விக்கு ஆள் சேர்க்கும் முகவர் ஒருவர் தட்டச்சுச் செய்து கொடுத்த ஆங்கிலக் கடிதம் ஒன்று. இம்மாணவன் தன் வகுப்பிலே முதல் மூவருள் ஒருவன் என்றும், சுகவீனம் காரணமாகவே பரீட்சையிற் பின்தங்கினான் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. கீழே எனது கையொப்பத்துக்கு மட்டும் இடம் விடப்பட்டிருந்தது.

"ஐயா, இதிலே ஒரு கையொப்பம் வைத்துத் தந்தீர்களானாற் போதும். மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்களாம். தோட்டக் காணியின் உறுதியை ஈடு வைக்கவும் ஒழுங்கு செய்துவிட்டேன்" என்றார் அந்தத் தாய்.

மகன் தலை நிமிரவில்லை. அவன் தன் வகுப்பிலுள்ள 34 பேரில் 27ஆம் இடத்தில் நின்றவன் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தக் காகிதத்தை முன்வைத்தே இன்று நான் உங்களோடு பேச விரும்புகின்றேன். குறைந்த புள்ளி பெற்ற ஒரு பிள்ளை கடல் கடந்து கற்க விண்ணப்பிக்கலாமா? விண்ணப்பிக்கலாமெனின், எவ்வாறு விண்ணப்பித்தல் வேண்டும்?

முதலில் ஒன்றைத் தெளிந்துகொள்வோம். எமது நாட்டில் 'போதாத புள்ளி' என்று நாம் சொல்வது எதனை? ஒரே அமர்வில் மூன்று பாடங்களிலும் சித்தியெய்தி, பொதுச் சாதாரண வினாத்தாளில் ஆகக் குறைந்தது 30 புள்ளி பெற்றவர் பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பிக்கும் தகுதியுடையவராகின்றார். தகுதியுடையோர் தொகை பெரிது. இடங்களின் தொகை சிறிது. ஆகவே இசட் புள்ளி என்னும் அளவுகோலால் அவர்களை வரிசைப்படுத்துகின்றோம். அந்தப் புள்ளி, ஒருவர் அவ்வாண்டு அதே பாடத்துக்குத் தோற்றிய ஏனையோரின் சராசரியிலிருந்து எவ்வளவு மேலே அல்லது எவ்வளவு கீழே நின்றார் என்பதைக் காட்டுவது. பெரும்பாலான கற்கை நெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசைப்படியும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. பந்தியில் இலைகள் குறைவாயிருக்கும்போது வரிசையின் பின்னே நின்றவர் பசியோடு திரும்புகின்றார். அதனைக்கொண்டு அவருக்கு உண்ணத் தெரியாது என்று சொல்லிவிட முடியுமா?

பிறநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கேட்கப்படும் வினா சற்று வேறு. இந்தப் பாடநெறியை இவர் தொடங்கினால் முடிப்பாரா என்பதே அவ்வினா. பெரும் போட்டியுள்ள நிறுவனங்களில் அங்கும் வரிசைதான். ஏனைய இடங்களில், 'முடிப்பார்' என்பதற்கு நாம் சான்று காட்ட முடியுமானால், புள்ளி குறைந்தவருக்கும் ஒரு வழி உண்டு. சான்று இல்லையேல் வழியும் இல்லை. நான் இன்று சொல்ல வந்த செய்தியின் கரு இதுவே: குறைந்த புள்ளியை மறைக்கவும் வேண்டாம், அதற்காக அழவும் வேண்டாம். அதனை உள்ளபடி கூறி, அதன் பக்கத்தில் வேறொரு சான்றைக் கொண்டுவந்து வையுங்கள்.

இதற்கு எம் தமிழினத்திலேயே பெரியதோர் உதாரணம் உண்டு. கும்பகோணத்திலே வளர்ந்த சீனிவாச இராமானுசன் 1904ஆம் ஆண்டில் அவ்வூர் அரசினர் கல்லூரியில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தார். கணிதத்தைத் தவிர ஏனைய பாடங்களைக் கைவிட்டமையால் அந்த உபகாரச் சம்பளத்தை இழந்தார். பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, 1906இலும் 1907இலும் எப்.ஏ. பரீட்சைக்குத் தோற்றி, இருமுறையும் தவறினார். பட்டம் இல்லை, பட்டத்துக்கு முந்திய பரீட்சையிலும் சித்தி இல்லை. 1912இல் சென்னைத் துறைமுக நிறுவனத்தில் மாதம் 30 ரூபா சம்பளத்தில் எழுதுவினைஞரானார்.

1913 ஜனவரி 16ஆந் தேதி அவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதத்தின் அமைப்பை இளைஞர்கள் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். தாம் ஆண்டுக்கு 20 பவுண் சம்பளம் பெறும் எழுதுவினைஞர் என்பதையும், தமக்குப் பல்கலைக்கழகக் கல்வி இல்லை என்பதையும் அவர் தொடக்கத்திலேயே கூறிவிட்டார். தவறிய பரீட்சைகளுக்குச் சாக்குச் சொல்லவில்லை. வறுமையைக் காட்டி இரங்கக் கேட்டவிடத்தும், அந்த இரக்கத்தையே நம்பி நிற்கவில்லை. அதன்பின் ஏறக்குறைய 120 தேற்றங்களைப் பக்கம் பக்கமாக எழுதி வைத்தார். 'இது என் குறை. இது என் வேலை. இதனைப் பார்த்து முடிவுசெய்க' என்பதே அக்கடிதத்தின் சாரம்.

அதற்கு முன்னர் கேம்பிரிட்ஜிலுள்ள வேறு இரு பேராசிரியர்களுக்கு அவர் எழுதியிருந்தார், பயன் கிட்டவில்லை. மூன்றாமவரே அந்தத் தாள்களை உட்கார்ந்து படித்தார். சென்னைப் பல்கலைக்கழகம் முதலில் மாதம் 75 ரூபா ஆராய்ச்சி உதவி அளித்தது. பின்னர் இங்கிலாந்துப் பயணத்துக்கு ஆண்டுக்கு 250 பவுண் அளித்தது. 1914 மார்ச் 17ஆந் தேதி கப்பலேறிய அவர், தமக்குக் கிடைக்கும் பணத்தில் 50 பவுணை ஆண்டுதோறும் பெற்றோருக்கு அனுப்ப ஒழுங்கு செய்துவிட்டே சென்றார். 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சிக்காகப் பட்டம் வழங்கியது. 1918இல் அரச கழகம் அவரைத் தன் அங்கத்தவராக்கியது.

பரீட்சையில் தவறிய பிள்ளையெல்லாம் இராமானுசன் என்று நான் சொல்ல வரவில்லை. அத்தகையோர் நூற்றாண்டுக்கு ஒருவர் பிறப்பதும் அரிது. அவருடைய மேதைமை எமக்கு வராது. அவருடைய கடிதத்தின் நேர்மை எமக்கும் எட்டக்கூடியது. அதனோடு இன்னொன்றையும் மறத்தலாகாது. துறைமுக அலுவலகத்திலிருந்த நாராயண ஐயரும், மாதம் 25 ரூபா உதவிய இராமச்சந்திர ராவும் போல, அவர் வேலையை நேரிலே கண்டு, அதனைப் பிறருக்கு எடுத்துரைத்தவர்கள் உள்ளூரிலேயே இருந்தனர். ஒரு பிள்ளையின் ஆற்றலுக்குச் சாட்சி சொல்ல ஊரிலே ஒருவர் வேண்டும். அந்தச் சாட்சி உண்மையாக இருத்தலும் வேண்டும்.

இனி, இக்காலத்து வாசல்களைப் பார்ப்போம்.

இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் பல, நேரடியாக முதலாம் ஆண்டுக்கு எடுக்க இயலாத மாணவருக்காக 'பவுண்டேஷன்' எனப்படும் ஆயத்த ஆண்டு ஒன்றை நடத்துகின்றன. ஓராண்டு ஆங்கிலமும் அடிப்படைப் பாடங்களும் கற்று, குறித்த புள்ளியைப் பெற்றாற் பட்டநெறிக்குள் நுழையலாம். அங்கு இளமாணிப் பட்டத்துக்கு யூகாஸ் என்னும் பொது நிறுவனம் வழியாக ஐந்து தெரிவுகள் வரை செய்யலாம். ஐந்தையும் உயரத்திலேயே தெரிவுசெய்து ஐந்திலும் ஏமாறுவது எம்மவரிடையே காணப்படும் பிழை. ஒன்றிரண்டு ஆசைக்கு, இரண்டு அளவுக்கு, ஒன்று நிச்சயத்துக்கு என்று வகுத்துக்கொள்வது புத்தி. இடம் கிடையாதோருக்கு ஜூலை மாதம் தொடங்கி, நிரம்பாத இடங்களை அளிக்கும் 'கிளியரிங்' என்னும் ஒழுங்கும் உண்டு.

ஜேர்மனியில் நேரடித் தகுதி பெறாத பிறநாட்டு மாணவருக்கு 'ஷ்டூடியன்கொலெக்' என்னும் ஆயத்தக் கல்லூரிகள் இருக்கின்றன. வழக்கமாக இரண்டு பருவங்கள் கற்று, இறுதியிலே தகுதிப் பரீட்சை எழுதவேண்டும். அதற்குள் நுழைவதற்கே பெரும்பாலும் ஜேர்மன் மொழியறிவும் நுழைவுப் பரீட்சையும் வேண்டும். பட்டம் பெற்ற பின் மேற்படிப்புக்கு அங்கு செல்ல விரும்புவோர் ஒரு சிறு கணக்கை அறிந்துகொள்ளல் நன்று. பெறக்கூடிய உச்சப் புள்ளியிலிருந்து நீங்கள் பெற்ற புள்ளியைக் கழியுங்கள். உச்சப் புள்ளிக்கும் சித்திப் புள்ளிக்கும் உள்ள வேறுபாட்டால் அதனை வகுத்து, மூன்றாற் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். நான்கு உச்சமாகவும் இரண்டு சித்தியாகவும் உள்ள முறையில் 3.0 பெற்றவருக்கு 2.5 வரும், 2.6 பெற்றவருக்கு 3.1 வரும். அங்கு ஒன்று என்பதே உச்சம். நான்கு கடைநிலைச் சித்தி. மேற்பட்ட நெறிகள் பல 2.5 அல்லது அதனிலும் சிறந்த புள்ளியை எதிர்பார்ப்பன. இந்தக் கணக்கை வீட்டிலே போட்டுப் பார்த்தால், எவ்விடத்துக்கு விண்ணப்பிப்பது வீண் என்பதை விண்ணப்பக் கட்டணம் கட்டுமுன்னரே அறிந்துகொள்ளலாம்.

கடல் கடவாமலே திறக்கும் வாசலும் உண்டு. 1980இல் தொடங்கிய எமது இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில், உயர்தரத் தகைமை இல்லாதோரும் ஆயத்தக் கற்கை வழியாகப் பட்டநெறியை நோக்கிச் செல்லலாம். இலண்டன் பல்கலைக்கழகம் 1858 முதலே வெளிவாரி மாணவருக்குப் பரீட்சை நடத்திவருகின்றது. இந்நாட்டில் முழுமையான பல்கலைக்கழகம் 1942இல் அமைவதற்கு முன் எம் முன்னோரிற் பலர் அவ்வழியே பட்டம் பெற்றனர். உள்நாட்டிலே ஓராண்டு நன்றாகக் கற்றுப் பெறும் புதிய பெறுபேறு, பழைய குறைந்த பெறுபேற்றுக்கு அருகே வைக்கத்தக்க சிறந்த சான்றாகும். 'அன்று இவ்வாறு இருந்தேன். இன்று இவ்வாறு இருக்கின்றேன்' என்று அது வாய் திறவாமலே சொல்லும்.

அடுத்து, தம்மைப்பற்றித் தாமே எழுதும் விளக்கம். யூகாஸ் நிறுவனம் 2026ஆம் ஆண்டு அனுமதி தொடக்கம் இவ்விளக்கத்தை மூன்று வினாக்களாக வகுத்துள்ளது. ஏன் இப்பாடத்தைக் கற்க விரும்புகின்றீர்? உமது கல்வி உம்மை இதற்கு எவ்வாறு ஆயத்தஞ் செய்தது? பாடசாலைக்கு வெளியே நீர் செய்தவை எவை, அவை எவ்வாறு பயன்படும்? மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்துகளுக்குள் விடை கூறவேண்டும். இடம் இவ்வளவு சிறிதாயிருக்க, சிறுவயது முதலே கனவு கண்டேன் என்று தொடங்கும் அலங்கார வாக்கியங்களுக்கு அங்கே வேலை இல்லை. குறைந்த புள்ளியைப்பற்றி இரண்டு வாக்கியம் போதும். காரணம் உண்மையில் உண்டெனில், தந்தையின் நோயோ, குடும்பத்தின் இடப்பெயர்வோ, ஆசிரியர் இல்லாத பாடமோ, தேதியுடன் கூறுக. காரணம் இல்லையெனில், போதிய அளவு உழைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு, அதன்பின் செய்தது என்ன என்பதைக் கூறுக. அந்த ஒப்புதல் விண்ணப்பத்தைக் கெடுத்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. காரணமில்லாத இடத்திற் காரணம் கற்பித்தலே அதனைக் கெடுப்பது.

நேயர்களே, இவ்விடத்தில் எனது குற்றம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நான் உப அதிபராயிருந்த காலத்தில் ஒரு மாணவி இத்தகைய சாட்சிக் கடிதம் கேட்டு வந்தாள். நல்ல பிள்ளை. தந்தையில்லாக் குடும்பம். கணக்கியலில் அவள் மிகவும் பலவீனமானவள் என்பதை அறிந்திருந்தும், அவள் அதிற் சிறந்து விளங்கினாள் என்று எழுதிக் கையொப்பமிட்டேன். இரக்கம் என்று அதற்கு நானே பெயரிட்டுக்கொண்டேன். அவள் போனாள். ஆயத்த ஆண்டு தேவைப்பட்ட பிள்ளை, என் கடிதத்தின் துணையோடு நேரே முதலாம் ஆண்டுக்குள் நுழைந்தாள். ஆண்டு முடிவிலே தவறினாள். இரண்டாம் முறை கட்டணம் கட்ட வழியின்றித் திரும்பினாள். அவள் என்னைக் குறை கூறவில்லை. வீதியிற் கண்டால் இன்றும் கைகூப்புகின்றாள். அந்தக் கைகூப்புதல் எனக்கு எத்தகைய தண்டனை என்பதை அவள் அறியாள். தாங்க முடியாத சுமையைத் தாங்குவாள் என்று பிறரை நம்பச் செய்தவன் நான்.

இவ்வாறு கூட்டி எழுதுவதற்கு ஒருபடி மேலே சென்று, பொய்ப் பத்திரம் ஆக்குவோரும் உளர். எமது பரீட்சைத் திணைக்களம் பெறுபேறுகளை இணையவழியில் உறுதிப்படுத்திக் கொடுக்கின்ற இக்காலத்தில், மாற்றிய சான்றிதழ் வெளிப்படாதிருப்பது அரிது. வெளிப்பட்டால் வரும் தண்டனையைப் பாருங்கள். பொய்யான பத்திரம் கொடுத்தவரின் விசா விண்ணப்பங்களை அவுஸ்திரேலியா மூன்று ஆண்டுகளுக்கும், கனடா ஐந்து ஆண்டுகளுக்கும், இங்கிலாந்து பத்து ஆண்டுகள் வரைக்கும் மறுக்க இடமுண்டு. அத்தண்டனை முகவரைச் சாராது. கையெழுத்திட்ட பிள்ளையையே சாரும். முகவர்கள் எல்லோரும் தீயோர் என்று நான் கூறேன். ஆயினும் அவர்களிற் பலருக்கு, மாணவரைச் சேர்த்துக்கொள்ளும் கல்வி நிறுவனமே தரகு கொடுக்கின்றது என்பதை நினைவில் வைத்திருங்கள். அவர்கள் காட்டும் பட்டியலில் இல்லாத நல்ல கல்லூரிகளும் உலகில் உண்டு. விண்ணப்பப் பத்திரத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் பிள்ளையே வாசித்து, பிள்ளையே நிரப்புதல் வேண்டும்.

காணியை ஈடு வைக்குமுன் முழுக் கணக்கையும் போடுங்கள். அவுஸ்திரேலிய மாணவர் விசாவின் விண்ணப்பக் கட்டணம் 2025 ஜூலையில் 2,000 அவுஸ்திரேலிய டொலராயிற்று. மறுக்கப்பட்டாலும் அது திரும்பி வராது. ஜேர்மனிக்குச் செல்வோர் ஓராண்டுச் சீவியத்துக்கென முடக்கிவைத்துக் காட்டவேண்டிய தொகை 2024 செப்டெம்பரில் 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது. கனடாவில் தனி மாணவர் ஒருவர், படிப்புக் கட்டணத்துக்கும் பயணச் செலவுக்கும் மேலாகக் காட்டவேண்டிய தொகை 2025 செப்டெம்பரில் 22,895 கனேடிய டொலராயிற்று. கியூபெக் மாகாணத்துக்கு வேறு கணக்கு. இவை மாறிக்கொண்டேயிருப்பவை. ஆதலால் அந்தந்த அரசாங்கத்தின் சொந்த அறிவித்தலைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். புள்ளி குறைந்த மாணவருக்கு ஆயத்த ஆண்டு ஒன்று கூடுமாதலால், செலவும் ஓராண்டு கூடும். அவ்வாண்டிலே தவறினால் என்ன செய்வது என்ற வினாவுக்கும் புறப்படுமுன்னரே வீட்டில் விடை இருத்தல் வேண்டும். விடை இல்லையேல், ஓராண்டு பொறுத்தல் தோல்வியாகாது.

இனி, அந்தத் தாயிடமும் மகனிடமும் திரும்புவோம்.

நான் அந்தக் காகிதத்தை மடித்துத் தாயிடமே கொடுத்தேன். "அம்மா, இதில் நான் கையொப்பமிடேன். வேறொரு கடிதம் எழுதித் தருகின்றேன்" என்றேன். பின்னர் மகனைப் பார்த்து, "தம்பி, பாடசாலை விட்டபின் நீ என்ன செய்வாய்?" என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, வெங்காயத் தோட்டங்களில் நீரிறைக்கும் இயந்திரங்களைத் திருத்துவதாகச் சொன்னான். தந்தை படுக்கையில் விழுந்த பின் இரண்டு ஆண்டுகளாக அந்த வருவாயிலும் குடும்பம் நடந்ததாம். எத்தனை இயந்திரம் என்று கேட்டேன். ஒரு கொப்பியிற் குறித்து வைத்திருந்தான். பழுது, காரணம், மாற்றிய பாகம், திருத்திய நாள் எல்லாம் அதில் இருந்தன. 13 ஆண்டுகள் எமது பாடசாலையிற் படித்த பிள்ளையிடம் அப்படியொரு கொப்பி இருந்தது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதற்காக நான் வெட்கப்பட்டேன்.

அவன் 34 பேரில் 27ஆம் இடம் என்று எழுதினேன். தந்தையின் நோயை எழுதினேன். கொப்பியைப்பற்றி எழுதி, அதிற் சில பக்கங்களைப் பிரதி செய்து இணைத்தேன். நேரே முதலாம் ஆண்டுக்கு இவன் ஆயத்தமில்லை, கணிதத்தில் ஓராண்டுப் பயிற்சி வேண்டும் என்றும் எழுதினேன். அந்தத் தாய் அன்று மனத்தாங்கலோடுதான் படியிறங்கினார். இரண்டு இடங்களிலிருந்து மறுப்பு வந்தது. மூன்றாவது இடம் ஆயத்த ஆண்டுக்கு அவனை எடுத்துக்கொண்டது.

முதற் பருவம் முடிந்தபின் அவனிடமிருந்து கடிதம் வந்தது. முதல் மாதம் வகுப்பிலே பேசியது பாதி விளங்கவில்லை என்றும், குளிர் எலும்பைத் தொடுகின்றது என்றும், கணிதத்தில் இப்போது நடுவிலே நிற்பதாகவும் எழுதியிருந்தான். இறுதியில் ஒரு செய்தி. அனுமதிக்கு முன் தொலைபேசி வழியாக நடந்த நேர்முகத்தில், கேட்டவர் எனது கடிதத்தின் 27ஆம் இடத்தை அவனுக்கு வாசித்துக் காட்டி, இது உண்மையா என்று கேட்டாராம். உண்மை என்றானாம். அதன்பின் நேரம் முழுவதும் நீரிறைக்கும் இயந்திரங்களைப்பற்றியே கேட்டாராம்.

பெற்றோரே, உங்கள் பிள்ளையிடமும் அத்தகைய ஒரு கொப்பி இருக்கக்கூடும். பெறுபேற்றுத் தாளை மடித்து வைத்துவிட்டு, முதலில் அதனைத் தேடுங்கள். ஆசிரியர்களே, கையொப்பம் கேட்டு வரும் நாளுக்கு முன்னரே நாமும் தேடுவோம்.